வழியின் நிலை அறிந்தவர் யார்? நல்லமலைப் பாதையும் ஏனுகுல வீராசாமியின் குறிப்புகளும்

1838ஆம் ஆண்டில் இரண்டு நூல்கள் வெளிவந்தன. லண்டனில் ஜான் மரே பதிப்பகம் சுவிட்சர்லாந்துக்கும் அதை அடுத்த ஆல்ப்ஸ் பகுதிகளுக்கும் செல்வோருக்கான கையேட்டை வெளியிட்டது. சென்னையில் கோமளேஸ்வரன்பேட்டை சீனிவாச பிள்ளை, மறைந்த தம் நண்பர் ஏனுகுல வீராசாமியின் ‘காசி யாத்திரை சரித்திரம்’ என்னும் தெலுங்கு நூலை அச்சேற்றினார். ஒன்றையொன்று அறியாத இவ்விரு நூல்களும் ஒரே வினாவுக்கு விடை தேடின. அடுத்த தங்குமிடம் எவ்வளவு தொலைவு? இடையில் தண்ணீர் உண்டா? மலைவழி இப்போது நடக்கத்தக்க நிலையில் உள்ளதா?

ஆல்ப்ஸ் கையேடுகள் மலைப்பயண வரலாற்றின் அடிப்படைச் சான்றுகளாக இன்று ஆராயப்படுகின்றன. வீராசாமியின் நூலோ பெரும்பாலும் தெலுங்கு உரைநடை வரலாற்றில் ஓர் அத்தியாயமாகவும், பக்தி இலக்கியத்தின் பிற்சேர்க்கையாகவுமே கருதப்படுகிறது. தக்காணத்தின் பாதைகளைப் பற்றிய நிலவியல் ஆவணமாக அதைப் படிக்கும்போது வேறொரு வரலாறு புலப்படும்.

வீராசாமி சென்னை உச்ச நீதிமன்றத்தில் தலைமை மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். 1830 மே 18 அன்று தண்டையார்பேட்டையிலிருந்து ஏறத்தாழ நூறு பேர் கொண்ட பரிவாரத்துடன் புறப்பட்ட அவர், 1831 செப்டம்பர் 3 அன்று சென்னை திரும்பினார். வழியெங்கும் எழுதிய நாட்குறிப்புகளைச் சீனிவாச பிள்ளைக்குக் கடிதங்களாக அனுப்பிவந்தார். தெலுங்கர் ஒருவர் தமிழ் நண்பர் ஒருவருக்குச் சென்னையின் பேச்சுவழக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்களே பின்னர் நூலாயின. காவியச் சாயல் ஏதுமற்ற அந்த நடையில் ஊரின் பெயர், தொலைவு, கடைகள், கிணறு, நிழல், சத்திரம், மண்ணின் தன்மை, ஆற்றைக் கடக்கும் வகை, செல்லுபடியாகும் நாணயம் ஆகியவை ஊருக்கு ஊர் பதிவாகியுள்ளன. தமக்குப் பின் வருபவர் இவ்வழியே நடக்கப்போகிறார் என்ற எண்ணமே அக்குறிப்புகளின் உந்துவிசை.

திருப்பதி, கடப்பை, அகோபிலம் வழியாக அவர் சென்று சேர்ந்த முதல் பெரிய மலைத்தலம் ஸ்ரீசைலம். கிருஷ்ணை ஆற்றின் தென்கரையில், நல்லமலைக் காட்டின் நடுவே அமைந்த அத்தலத்துக்கு அக்காலத்தில் வண்டிப்பாதை கிடையாது. சமவெளியின் கடைசி ஊர்களில் ஒன்றான ஆத்மகூரைக் கடந்தால் நாகலூட்டி, பெத்த செருவு, பீமுனி கொலனு, கைலாச துவாரம் என்ற வரிசையில் காட்டுவழி ஏறி இறங்கிச் செல்லும். இவற்றுள் பெத்த செருவு என்பது பெரிய ஏரி. பீமுனி கொலனு என்பது பள்ளத்தாக்கின் அடியில் உள்ள சுனை. நிறுத்தங்களின் பெயர்களே தண்ணீர் இருக்கும் இடங்களைச் சொல்லிவிடுகின்றன. பீமுனி கொலனுவில் இறங்கிய பயணி, எதிர்ப்புறச் சரிவின் படிகளில் ஏறினால்தான் கைலாச துவாரத்தை அடைய முடியும்.

இப்பாதை 19ஆம் நூற்றாண்டில் தோன்றியதன்று. 14ஆம் நூற்றாண்டில் ஆட்சி செய்த புரோலய வேமா ரெட்டி, ஸ்ரீசைலத்துக்கும் அகோபிலத்துக்கும் படிகள் அமைத்தவராகப் போற்றப்படுகிறார். தமிழ் மரபில் இத்தலம் திருப்பருப்பதம் எனத் தேவாரத்தில் இடம்பெறுகிறது. அப்பர் காளத்தியிலிருந்து திருப்பருப்பதம் சென்று, அங்கிருந்து வடக்கே காசியை நோக்கி நடந்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. சம்பந்தரோ வடதிசைத் தலங்களைக் காளத்தியில் இருந்தபடியே பாடினார் என்கிறது அதே நூல். பல நூற்றாண்டுகளுக்குப் பின் வீராசாமி சென்றதும் ஸ்ரீசைலம் வழியாகக் காசிக்குச் செல்லும் அதே திசைப்போக்கில்தான். 1677இல் கோல்கொண்டா சுல்தான் அபுல் ஹசனை ஐதராபாத்தில் சந்தித்த சிவாஜி, ஸ்ரீசைலத்தை வழிபட்ட பின்னரே தெற்கே செஞ்சிக் கோட்டையை நோக்கி வந்தார். ஐதராபாத்துக்கும் தமிழகத்துக்கும் இடையிலான போக்குவரத்தில் இம்மலை எப்போதும் ஒரு கணுவாகவே இருந்துள்ளது.

நிஜாமின் நாட்டில் நில அளவைப் பணியில் இருந்த காலின் மெக்கன்சி 1794 மார்ச்சில் ஸ்ரீசைலம் சென்றார். அவருடைய குறிப்பு ‘ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ இதழின் 5ஆம் தொகுதியில் வெளியானது. கோயிலின் மதிற்சுவர்ச் சிற்பங்கள் அவருடைய கண்ணை ஈர்த்தன. வீராசாமியின் கவலை வேறு. யாத்திரிகர்களிடம் கர்நூல் நவாபின் ஆட்கள் வரி வசூலிப்பதையும், அப்பணத்தில் கோயிலுக்கென ஏதும் செலவிடப்படாததையும் அவர் பதிவுசெய்கிறார். வழியின் நிலை என்பது கல்லும் முள்ளும் மட்டுமன்று. வரி, பாதுகாப்பு, காவல், உணவுப்பொருளின் விலை ஆகிய அனைத்தும் சேர்ந்ததே வழி. 1839இல் கர்நூல் நவாபின் ஆட்சி பறிக்கப்பட்டு, அப்பகுதி கம்பெனியின் வசமான பின்னணியை விளங்கிக்கொள்ளவும் இத்தகைய குறிப்புகள் உதவும்.

கிருஷ்ணையைக் கடந்து அவர் ஐதராபாத்தை அடைந்தபோது நாசிர்-உத்-தௌலா நிஜாமாக அரியணை ஏறி ஓராண்டளவே ஆகியிருந்தது. நிர்வாகம் சந்து லாலின் கையில் இருந்தது. நகரத்து மக்கள் ஆயுதம் தாங்கி நடமாடுவதையும், ஆட்சியில் ஒழுங்கு குறைந்திருப்பதையும் வீராசாமி சுட்டுகிறார். இவ்விடத்தில் வாசகருக்கு எச்சரிக்கை தேவை. அவர் கம்பெனி நீதிமன்றத்தின் ஊழியர். சென்னையின் ஒழுங்கே அவருக்கு அளவுகோல். ஆகவே நிஜாம் நாட்டைப் பற்றிய அவருடைய தீர்ப்புகளை அப்படியே ஏற்க இயலாது. ஆனால் எந்த ஊரில் கிணறு உண்டு, எங்கே கரிசல் மண் மழையில் சேறாகும் என்னும் செய்திகளில் அத்தகைய சாய்வுக்கு இடம் குறைவு. ஒரே நூலில் இருவகைச் சான்றுகள் கலந்திருப்பதைப் பிரித்தறிவது ஆய்வாளரின் முதற்பணி.

ஐதராபாத்திலிருந்து வடக்கே நாகபுரி செல்லும் நெடுவழி, கோதாவரியைக் கடந்து நிர்மல் மலைத்தொடரில் ஏறி, வார்தா நதிப்பக்கம் இறங்குகிறது. வீராசாமி அவ்வழியே சென்றதற்கு ஏழாண்டுகளுக்கு முன், இதே திசையில் ஐதராபாத்திலிருந்து நாகபுரி நோக்கிப் புறப்பட்ட வில்லியம் லாம்டன் 1823 ஜனவரி 20 அன்று ஹிங்கன்காட்டில் இறந்தார். 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவையின் தலைவர் அவர். 1818இன் இறுதியில் ஐதராபாத்துக்கு வந்து அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். அடுத்த ஆண்டு கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட காடுகளில் அளவைக்குச் சென்ற எவரெஸ்டின் குழுவில் பெரும்பாலோரைக் காட்டுக்காய்ச்சல் வீழ்த்தியது. நடக்கவும் இயலாதவர்களை ஐதராபாத்துக்குத் தூக்கிவர நேர்ந்தது. எவரெஸ்ட் உடல் தேறுவதற்காக நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார்.

இந்த நிகழ்ச்சி இருவகை அறிவுகளின் வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. முக்கோண அளவைக்கு வேண்டியவை மலையுச்சிகளும் அவற்றுக்கிடையே தடையற்ற பார்வைக்கோடும். இரண்டு சிகரங்களுக்கு இடையிலான தொலைவை அது வியக்கத்தக்க துல்லியத்துடன் சொல்லும். அவற்றுக்கு நடுவே உள்ள காட்டில் எந்த மாதம் நுழையக்கூடாது என்பதை அது சொல்லாது. அந்த அறிவு அங்கே வாழ்ந்தவர்களிடம் இருந்தது. கோடு வரைபடத்துக்கு உரியது. பாதை காலத்துக்கு உரியது. மழைக்கு முன் இருந்த வழி மழைக்குப் பின் இராது. யாத்திரிகரின் குறிப்பு துல்லியத்தில் பின்தங்கியதாயினும், காலத்தை உட்கொண்ட ஆவணம் என்ற வகையில் வரைபடம் தராத ஒன்றைத் தருகிறது.

அவ்வறிவை வீராசாமிக்கு அளித்தவர்கள் யார் என்பதே அடுத்த வினா. அவர் சென்றது பல்லக்கில். கல்லின் கூர்மையையும் சேற்றின் ஆழத்தையும் முதலில் உணர்ந்தவை பல்லக்குத் தூக்கிய போயிகளின் கால்கள். நல்லமலையின் வழிகளையும் சுனைகளையும் விலங்குகளின் நடமாட்டத்தையும் அறிந்தவர்கள் செஞ்சுப் பழங்குடியினர். ஸ்ரீசைல யாத்திரிகர்களுக்கு வழித்துணையும் காவலுமாக இருந்தவர்கள் அவர்களே. எழுதியவர் பெயர் நூலின் முகப்பில் உள்ளது. வழிகாட்டியவர் எவருக்கும் பெயர் இல்லை.

ஆல்ப்ஸுடனான ஒப்பீடு இங்கேதான் பயன் தருகிறது. 1820 ஆகஸ்டில் மோன் பிளாங் சிகரத்தில் ஏறிய ஒரு குழுவில் வழிகாட்டிகள் மூவர் பனிச்சரிவில் இறந்தனர். அதைத் தொடர்ந்து 1821இல் சாமோனி ஊரில் வழிகாட்டிகளின் சங்கம் நிறுவப்பட்டது. முறைவைத்துப் பணி, கூலி, இறந்தவர் குடும்பத்துக்கு உதவி என அவர்களின் மலையறிவு ஒரு தொழிலாக ஏற்பு பெற்றது. 1857இல் லண்டனில் ஆல்பைன் கிளப்பும், 1863இல் சுவிஸ் ஆல்பைன் கிளப்பும் தோன்றின. இன்று சுவிட்சர்லாந்தின் மலைவழிகளில் மஞ்சள் பலகை எளிய நடைவழியையும், வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு மலைவழியையும், வெள்ளை-நீலம்-வெள்ளைக் கோடு கடின வழியையும் குறிக்கின்றன. இவையனைத்துக்கும் அடியில் இருப்பது மலைவாழ் மக்களின் அறிவே. அங்கே அது பதிவேடும் ஊதியமும் பெற்றது. அதே காலத்தில் நல்லமலையின் வழிகாட்டிகள் அரசுக் குறிப்புகளில் பெரும்பாலும் ‘காட்டுமக்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போயினர்.

செஞ்சுக்களைப் பற்றிய விரிவான முதல் இனவரைவியல் நூல், நிஜாம் அரசின் ஆதரவில் ஆய்வு செய்த கிறிஸ்டோஃப் ஃபான் ஃப்யூரர்-ஹைமண்டார்ஃபின் எழுத்தில் 1943இல்தான் வெளிவந்தது. அதற்குள் காப்புக்காடுகளின் எல்லைக்கோடுகள் அவர்களின் நடமாட்டத்தைச் சுருக்கத் தொடங்கியிருந்தன. பின்னர் ஸ்ரீசைலம் அணையும் புலிகள் காப்பகமும் வந்தன. ஐதராபாத்திலிருந்து மன்னனூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் இரவுப் போக்குவரத்து தடைசெய்யப்பட்டுள்ளது. நாகலூட்டி, பீமுனி கொலனு வழியான பழைய நடைவழி இன்றும் அழியவில்லை. சிவராத்திரிக்கும் யுகாதிக்கும் ஆயிரக்கணக்கானோர் அதே வரிசையில் நடந்து செல்கின்றனர். அமராபாத் காட்டில் உள்ள சலேஸ்வரத்துக்குச் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள் மட்டும் வழி திறக்கப்படுகிறது. வழியின் நிலை குறித்து இன்று முடிவெடுப்பது வனத்துறை. புலிகளின் பாதுகாப்பு தேவையானதே, அதில் ஐயமில்லை. ஆனால் வழியைத் திறக்கும் நாளை முடிவு செய்யும்போது, அக்காட்டில் தலைமுறை தலைமுறையாக நடந்தவர்களின் சொல்லுக்கு என்ன மதிப்பு என்னும் கேள்வி, 1830இல் இருந்தது போலவே இன்றும் நிலுவையில் உள்ளது.

திகவல்லி வெங்கட சிவராவ் 1941இல் வெளியிட்ட பதிப்பு வீராசாமியின் நூலுக்கு மறுவாழ்வு தந்தது. 1973இல் ஐதராபாத்தில் உள்ள அரசு கீழ்த்திசைச் சுவடி நூலகம் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. எனவே நூல் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது. தக்காணத்தின் சாலை வரலாறு, தட்பவெப்ப வரலாறு, உழைப்பின் வரலாறு ஆகியவற்றில் ஈடுபடும் மாணவர்கள் அதை ஊர் ஊராக, நாள் நாளாகப் படித்து, அளவைத்துறையின் பழைய வரைபடங்களுடன் ஒப்பிடலாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கேள்வியைத் தவறாமல் எழுப்ப வேண்டும்: இந்தச் செய்தியை இவருக்குச் சொன்னவர் யார்? நூலில் அதற்கு விடை இல்லாத இடங்களே, ஆய்வு தொடங்க வேண்டிய இடங்கள்.