வன்னிச்சி, நாச்சியார், டோனா

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய பிரதேசங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில் குறுநில அதிகாரம் செலுத்திய வன்னியர்தம் குலப் பெண்டிர்க்கு வழங்கிய கௌரவப் பெயர்களுள் தலையாயவை வன்னிச்சி, நாச்சியார் என்பன. அயல்நாட்டார் வழியே இலங்கைக்கு வந்த பட்டம் டோனா.

இல்லத்துத் தலைவியைக் குறித்த தொமினா என்னும் இலத்தீன் சொல்லே ஸ்பானிய மொழியில் டோஞா எனவும், போர்த்துக்கேயத்தில் டோனா எனவும் திரிந்தது. ஆதியில் பிரபு குலத்து மாதர்க்கே உரியதாயிருந்த டோஞா, காலகதியில் மதிப்புக்குரிய எந்த ஸ்திரீக்கும் உரியதாயிற்று. அது இயற்பெயருக்கு முன் நிற்க, குடும்பப் பெயரோடு சேர்வது சேஞோரா. போர்த்துக்கல்லின் முடியும் ஸ்பானிய அரசரின் தலையிலேயே இருந்த காலத்தில் (1580–1640), வன்னிக்கு அயலான மன்னாரில் போர்த்துக்கேயரின் ஆதரவில் வளர்ந்து ஞானஸ்நானம் பெற்ற கண்டி இளவரசி குசுமாசன தேவி, 1594இல் அவர்களது படையோடு டோனா கதரீனா என்னும் நாமத்துடன் அரசுரிமைக்காகக் கண்டிக்கு அழைத்துச் செல்லப்பட்டார்.

வன்னிச்சி என்பதற்கு வன்னியனின் மனைவி என்று மாத்திரம் பொருள் கொள்வது பொருந்தாது. 1782இல் ஒல்லாந்தர் வன்னியை முற்றாக அடிப்படுத்த முனைந்தபோது அவர்களை எதிர்த்து நின்று, சிறைப்பட்டுக் கொழும்புக் கோட்டையில் அடைக்கப்பட்ட மரியா செம்பாத்தையை, 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் பிரித்தானிய அதிகாரியான எமேர்சன் தெனன்ற் வன்னிச்சி என்றே சுட்டுகிறார். கிறிஸ்தவப் பெயர் தாங்கிய அம்மாதரசியை அடையாளப்படுத்த ஐரோப்பியப் பட்டம் வேண்டியிருக்கவில்லை. மண்ணின் பட்டமே போதுமானதாயிற்று. வன்னியின் சரித்திரத்தில் வன்னித் தலைவனான பண்டாரவன்னியனுக்கு அளிக்கப்படும் இடத்தின் ஒரு பங்கேனும் இவருக்கு அளிக்கப்படாதது பெருங்குறையாகும்.

நாச்சியார் என்பதோ தலைவியையும் தெய்வத்தையும் ஒருங்கே குறிப்பது. சிவகங்கையை ஆண்ட வேலு நாச்சியார் தமிழகத்தில் அதனைத் தாங்கினார். வன்னியில் பண்டாரவன்னியனின் காதலியெனச் செவிவழிக் கதை போற்றும் குருவிச்சி நாச்சியார் அதனைத் தாங்கினார். ஊர்தோறும் மரத்தடிகளில் பொங்கலிட்டு வணங்கப்படும் நாச்சிமாரும் அதற்குரியோரே. வன்னியின் வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரில் விளக்கேற்றப்பெறும் கண்ணகை அம்மனை அடியார்கள் "அம்மாளாச்சி" என விளித்து உருகுவர்.

அவ்விளியில் அமைந்த ஆச்சி என்னும் முறைப்பெயர் இன்றும் வீட்டு முதியவளுக்கு உரியது. வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் பெண்கள் நடத்தும் உணவகங்கள் "அம்மாச்சி" என்றே பெயர் பெற்றுள்ளன.