ஒரு தாக்குதல், இரு வழக்குகள்

ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி, இன்றும் சட்டக் கல்லூரி மாணவர்களுக்குப் பாடமாக இருந்து வருகிறது. இரவு வேளை, மதுக்கடை மூடிக் கிடந்தது. மது வாங்க வந்த ஒருவன், கையிலிருந்த கோடரியால் கதவை இடித்தான். கடைக்காரரின் மனைவி சன்னல் வழியே தலையை நீட்டி, நிறுத்தும்படி கூறினாள். அவன் அவளை நோக்கிக் கோடரியை ஓங்கினான். ஆனால் அடி அவள்மேல் படவில்லை.

கணவனும் மனைவியும் வழக்குத் தொடுத்தனர். 1348-ஆம் ஆண்டு வழக்காக இது குறிக்கப்பெறுகிறது. அடி படாததால் தீங்கு ஏதும் இல்லை என்பது ஜூரிமாரின் கருத்து. நீதிபதி தார்ப் அதனை ஏற்கவில்லை. அடி படாவிடினும் தீங்கு நேர்ந்ததுதான். அதற்கு ஈடு தரவேண்டும் என்றார் அவர். அரை மார்க், அதாவது 6 ஷில்லிங் 8 பென்ஸ், நஷ்ட ஈடாக விதிக்கப்பட்டது. அத்துடன் பிரதிவாதியைப் பிடித்துவரவும் கட்டளை பிறந்தது.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். நஷ்ட ஈடு பெறுவது சிவில் வழக்கின் பயன். பிடித்துச் சிறையிடுவது கிரிமினல் வழக்கின் பயன். ஒரே வழக்கில் இரண்டும் எவ்வாறு சேர்ந்தன?

அதற்கு விடை காண இன்னும் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெண்ட் நாட்டை ஆண்ட எதல்பெர்ட் மன்னரின் சட்டத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் விலை உண்டு. கட்டைவிரலை வெட்டினால் 20 ஷில்லிங். முன்பல் ஒன்றை உடைத்தால் 6 ஷில்லிங். பழிக்குப் பழி என்னும் முடிவில்லாத பகையைத் தடுக்கவே இத்தகைய ஈடுகள் தோன்றின. ஆயினும் சுதந்திரமான குடிமகன் ஒருவனைக் கொன்றவன், மன்னருக்கும் 50 ஷில்லிங் செலுத்த வேண்டியிருந்தது. துன்புற்றவரின் உரிமை ஒன்று, ஆள்பவரின் உரிமை மற்றொன்று என்னும் எண்ணம் அப்போதே முளைவிட்டது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பரவிய புதிய வழக்கு முறையில், வன்முறையாலும் ஆயுதத்தாலும் அரசரின் அமைதிக்கு மாறாகத் தன்னைத் தாக்கினான் என்று வாதி முறையிடுவார். தோற்றவன் வாதிக்கு நஷ்ட ஈடும், அரசருக்கு அபராதமும் தரவேண்டும். கோடரி வழக்கில் பிரதிவாதியைப் பிடிக்கச் சொன்னது இந்த அபராதத்திற்காகவே. நாளடைவில் அபராதம் வெறும் சடங்காயிற்று. 1694-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதனை ஒழித்தது. சிவில் வழக்கு இருவருக்கிடையேயான வழக்காகவே நின்றது; தண்டனை கிரிமினல் வழக்கின் வேலையாயிற்று.

இன்று இவ்விரண்டின் வேறுபாடு யாது? கிரிமினல் வழக்கைப் பெரும்பாலும் அரசே நடத்துகிறது. தாக்கப்பட்டவர் அதில் ஒரு சாட்சியே. நியாயமான ஐயத்திற்கு இடமின்றிக் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும். முடிவு சிறை அல்லது அபராதம். சிவில் வழக்கில் தாக்கப்பட்டவரே வாதி. எவர் பக்கம் நிகழ்ந்திருக்கக் கூடியதாகத் தோன்றுகிறதோ, அவர் பக்கமே தராசு சாயும். முடிவு பணமாகிய ஈடு. ஆனால் வழக்கை நடத்தும் சுமையும் வாதியுடையதே.

இவ்வேறுபாட்டால் ஒரே நிகழ்ச்சியில் இரு முடிவுகள் எழலாம். அமெரிக்காவில் ஓ. ஜே. சிம்ப்சன் என்னும் விளையாட்டு வீரர், தம் முன்னாள் மனைவியையும் வேறோர் இளைஞரையும் கொன்றதாகச் சாட்டப்பட்டு, 1995-இல் குற்றவாளி அல்லர் என விடுதலை பெற்றார். 1997-இல் சிவில் வழக்கின் ஜூரிமார், அந்தச் சாவுகளுக்கு அவரே பொறுப்பென்று கூறி, 3 கோடியே 35 லட்சம் டாலர் விதித்தனர். இது முரண்பாடு அன்று. இரு மன்றங்களும் இரு வேறு அளவுகோல்களால் அளந்தன.

இந்தியாவிலும் இவ்விரு வழிகளும் திறந்துள்ளன. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமும், அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையும், அடிக்கப்போவதாக அஞ்சும்படி ஒருவர் முன் கையை ஓங்குவதையே குற்றமாகக் கொள்கின்றன. அபராதத்திலிருந்து தாக்கப்பட்டவருக்கு ஈடு வழங்கவும் கிரிமினல் நீதிமன்றம் கட்டளையிடலாம். பின்னர் அவர் சிவில் வழக்குத் தொடுத்தால் அத்தொகையும் கணக்கில் கொள்ளப்படும்.

அரசு தண்டிப்பது நாட்டின் அமைதி குலைந்ததற்காக. ஆனால் சன்னலில் நின்று அஞ்சிய அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த தீங்கு அவளுடையது. அதனைக் கணவனுடன் சேர்ந்து மன்றத்தில் சொல்லி ஈடு கேட்கும் உரிமை அவளுக்கு இருந்தது. கிரிமினல் வழக்கு எவ்வளவு வளர்ந்த பின்னும் சிவில் வழக்கு மறையாமல் நிற்பதற்குக் காரணம் அந்த உரிமையே ஆகும்.