மனைக்கண் மருத்துவம்

பழந்தமிழர் மருத்துவ வரலாறு கூறப் புகுவோர் பெரும்பாலும் திருமுக்கூடற் கல்வெட்டினை முன்வைத்து, அதிற் காணும் ஆதுலசாலையைப் போற்றி அமைவர். அது போற்றத்தக்கதே. ஆயினும், ஊர்மக்களிற் பெரும்பாலோர் நோயுற்றுக் கிடந்த இடம் அவரவர் மனையே அன்றோ? நோய் தீர்ப்போர் அம்மனைக்கு வந்தனரா என்பதனை யாம் ஈண்டு ஆராய்வோம்.

சங்க அகப்பாடல்களில் நோயுற்றாள் மனைக்கு வருவிக்கப்பெறுபவன் வேலன். தலைவியின் மெலிவு கண்ட தாய், அது முருகனால் வந்ததெனக் கருதி வெறியாட்டு அயர்விக்கின்றாள். உண்மை உணர்ந்த தோழியோ நகைக்கின்றாள். நற்றிணை 34-ஆம் பாட்டில், வெறிக்களத்திற்கு வந்த முருகனையே அறியாமை உடையன் என அவள் பழிக்கின்றாள். நோயின் காரணம் அறியாதான் மனைக்கு வந்தும் பயனில்லை என்னும் கருத்து அந்நகையுள் அடங்கிக் கிடக்கின்றது. அந்நூலின் 136-ஆம் பாட்டு, நோயாளன் விரும்பியதைக் கொடாது, தக்க மருந்தை ஆராய்ந்து கொடுக்கும் மருத்துவனை உவமையாகக் காட்டுகின்றது. ஆகவே, வேலனும் மருத்துவனும் ஒரே காலத்து மக்களால் வேறுபடுத்தி அறியப்பட்டனர் எனலாம்.

புறநானூறு 281-ஆம் பாட்டில் அரிசில் கிழார் காட்டும் மனை வேறு வகையது. புண்பட்ட வீரனைக் காக்கும் மகளிர் இரவமும் வேம்பும் மனையிற் செருகுகின்றனர், ஐயவி சிதறுகின்றனர், நறும்புகை எழுப்பிக் காஞ்சி பாடுகின்றனர். மருத்துவன் அங்கு இலன். மருத்துவத்தின் உறுப்புகள் நான்கெனக் கூறிய வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு உடனிருந்து பேணுவானையும் எண்ணியதன் அருமை இதனாற் புலனாகும்.

இனிக் கல்வெட்டிற்கு வருவோம். வீரராசேந்திர சோழன் காலத்ததாகிய (11-ஆம் நூற்றாண்டு) அச்சாசனம், கோயிலைச் சார்ந்த ஆதுலசாலையில் 15 நோயாளர் கிடத்தற்கு வழிசெய்கின்றது. மருத்துவனுக்கு நாள்தோறும் நெல் முக்குறுணி. சல்லியக்கிரியை செய்வானுக்கு ஒரு குறுணி. மருத்துவன் பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அவன் தனக்கும் தன் வழியினர்க்கும் 'மருத்துவக்காணி' உடையவன் என்னும் குறிப்பே நம் ஆராய்ச்சிக்கு உயிர்நிலையாவது. சாலைப் பணிக்கு நெல் தனியே அளக்கப்பட்டதாயின், வழிவழி வரும் இக்காணி எப்பணிக்கு உரியது? தச்சர் முதலியோர் காணி பெற்று ஊரார்க்குப் பணிசெய்தல் அக்காலத்து வழக்கு. அவ்வாறே மருத்துவனும் காணியுண்டு ஊரார் மனைதோறும் சென்று நோய் தீர்த்தான் எனக் கொள்ளுதல் பொருந்தும். இது நேர்ச்சான்றன்று, உய்த்துணர்வேயாம்.

கோயிற் கல் கோயில் அளந்த நெல்லுக்குக் கணக்குக் கூறும். நள்ளிரவில் ஒரு மனைக்கு நடந்த நடைக்குக் கணக்குக் கூறாது. அதே சாசனத்து மருந்து அடும் பெண்டிர் இருவர்க்குக் கூலி உண்டு, பெயர் இல்லை. அரிசில் கிழார் காட்டும் மகளிர்க்கும் பெயர் இல்லை. கல்லில் எழுதப்பட்டதனையே வரலாறு எனக் கொள்ளின், நோயாளியின் பக்கத்தில் விழித்திருந்தோர் அனைவரும் மறைந்துபோவர். ஆதலின், மருத்துவக்காணி பற்றிய குறிப்புகளைச் சாசனந்தோறும் தேடித் தொகுத்தல் இளம் ஆராய்ச்சியாளர் கடனாகும்.