கறையான் விதைத்த காளான்

காளான் என்றால் இன்று நமக்குக் கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் விற்கும் மொட்டுக் காளான்தான் நினைவுக்கு வரும். இல்லையென்றால் தள்ளுவண்டிக் காளான் மசாலா (அதில் பாதிக்கு மேல் முட்டைக்கோஸ் என்பது ஊரறிந்த ரகசியம்!). ஆனால் யாரும் விதைக்காமல் கொல்லையில் முளைக்கும் காளானுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதில் நம் பகுதிக்கும் பங்கு இருக்கிறது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் நஞ்சை. அங்கே காளான் தேடினால் மக்கிய வைக்கோல் போரைத்தான் பார்க்க வேண்டும். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் செம்மண் கொல்லையும் முந்திரிக் காடும். அங்கே கறையான் புற்றுகள் உண்டு. நல்ல மழைக்குப் பிறகு புற்றின் மேலும் அதைச் சுற்றியும் வருவதுதான் புற்றுக்காளான். நாம் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

சங்க இலக்கியத்தில் காளானுக்கு ஆம்பி என்று பெயர். ஆனால் அங்கே அது பசியின் அடையாளமாகவும் வருகிறது. சமைத்தே பல நாளான அடுப்பில் ஆம்பி முளைத்திருப்பதாகக் குமணனிடம் போய் நின்ற பெருந்தலைச் சாத்தனார் பாடுகிறார். நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையிலும் பாணனின் வறுமையைச் சொல்ல ஆம்பிதான் வருகிறது. அந்த நூலின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மா நாடு, கடலூருக்கு வடக்கே திண்டிவனம் பக்கம். அதில் ஒன்றைக் கவனியுங்கள். பழைய சுவரைச் சிதல் அரித்த புழுதியில் ஆம்பி பூக்கிறது என்கிறார் புலவர். சிதல் என்றால் கறையான். அது நம் புற்றுக்காளான்தான் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் கறையானையும் காளானையும் ஒரே இடத்தில் பார்த்த கண் அது.

ஐரோப்பிய அறிவியல் இந்தத் தொடர்பை எழுதி வைத்தது 1779-இல். எழுதியவர் யோஹான் கெர்ஹார்டு கோனிக், லின்னேயஸின் மாணவர். 1768-இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். அப்போது அது டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது. சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் தாண்டி, சீர்காழி வழியாகப் போனால் சுமார் 50 கிலோமீட்டர்தான். இங்கே பார்த்த கறையான்களைப் பற்றி பெர்லின் இயற்கை ஆய்வாளர் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். புற்றுக்குள் பூஞ்சை வளர்வதை முதலில் பதிவு செய்தவர் என்று இன்றும் அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

அவர் எழுதிய இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஈசல் பிடிக்கும் முறை! புற்றில் இரண்டு துளை போடுவார்களாம். காற்று வரும் பக்கம் நாற்றப் புகை. எதிர்ப்பக்கத் துளையில் கறிவேப்பிலை தேய்த்த பானை. ஈசல் பானைக்குள் வந்து விழும், சில நேரம் நல்ல பாம்பும் கூடவே வரும்! பிடித்த ஈசலை மாவோடு சேர்த்துப் பலகாரம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்றார்களாம். இந்தப் பானை வித்தை நம்மூர் ஆட்களுடையது, கோனிக் எழுதி அனுப்பினார், அவ்வளவுதான். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் உள்ள 'கோனிகி' இவர் பெயர்தான். தினமும் தாளிக்கிறோம், யாருக்குத் தெரியும்?

காளானுக்கு மட்டும் அவர் பெயர் வரவில்லை. 1942-இல் பிரெஞ்சுக்காரர் ரோஜர் ஹெய்ம் இந்த வகைக் காளான்களுக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயர் வைத்தார். 1979-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் தென்னிந்தியக் காளான் ஒன்றைப் புதிய இனமாக விவரித்து, ஹெய்மின் பெயரையே சூட்டினார்.

உண்மையில் இங்கே விவசாயி கறையான்தான். காய்ந்த சருகையும் கட்டையையும் தின்று, அந்தக் கழிவால் புற்றுக்குள் தேனடை போல ஒன்றைக் கட்டுகிறது. அதில் பூஞ்சை வளர்கிறது. கறையானால் செரிக்க முடியாததைப் பூஞ்சை பக்குவப்படுத்துகிறது, கறையான் அதை உண்கிறது. மனிதன் பயிர் செய்யத் தொடங்கிச் சுமார் 10,000 வருடம். இவர்கள் கோடிக்கணக்கான வருடங்களாகச் செய்கிறார்கள்! மழைக்காலத்தில் அடையிலிருந்து மேலே வந்து குடை விரிப்பதைத்தான் நாம் பறிக்கிறோம். அதனால்தான் தண்டு வேர் போல மண்ணுக்குள் நீளமாக இறங்குகிறது. குடையின் நடுவில் கூரான முனை இருக்கும்.

இதை மட்டும் நம்பிப் பறித்துத் தின்றுவிடாதீர்கள் நண்பர்களே! புல்தரையில் வெள்ளையாக முளைக்கும் ஒரு நச்சுக் காளான், முற்றிய பிறகுதான் குடையின் அடிப்பக்கம் பச்சையாக மாறும். தின்றால் வாந்தி, பேதி. பூண்டு கறுக்கும், வெள்ளிக்காசு கறுக்கும் என்ற சோதனைகள் எல்லாம் பொய். வருடா வருடம் அதே புற்றில் பறித்துப் பழகியவர் கையில் காட்டாமல் சமைக்கக் கூடாது.

அப்படிப்பட்டவர்கள் குறைந்து வருகிறார்கள், புற்றுகளும் குறைகின்றன. வைக்கோல் காளானையும் பால் காளானையும் குடிசை போட்டு வளர்க்கலாம். புற்றுக்காளானை இதுவரை யாராலும் அப்படி வளர்த்து விற்க முடியவில்லை. கறையான் இல்லாமல் அது விளையாது. கொல்லையை ஜேசிபி வைத்துச் சமன் செய்தால் புற்றோடு காளானும் போய்விடும். அம்மன் குடியிருப்பதாக மஞ்சள் குங்குமம் வைத்த புற்றை மட்டும் இன்னும் யாரும் தொடுவதில்லை.