அணைத்த சர்வருக்கும் வாடகையா?

போன செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்காக ஒரு கிளவுட் சர்வர் எடுத்திருந்தேன். வைவா முடிந்த அன்றே அதை அழித்தும் விட்டேன். மூன்று மாதம் கழித்து கிட்டத்தட்ட 900 ரூபாய்க்கு பில்! சர்வரே இல்லை, எதற்குக் காசு? துருவிப் பார்த்தால், சர்வரோடு இணைத்திருந்த பொது ஐபி முகவரியைத் திருப்பிக் கொடுக்க மறந்திருக்கிறேன். தப்பு என்னுடையதுதான். ஆனால் வெறும் ஒரு எண்ணுக்கு வாடகை எப்படி வந்தது? அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

இன்றும் நாம் பயன்படுத்தும் ஐபிவி4 விதிமுறை 1981ல் வெளியானது. முகவரிக்கு 32 பிட், அதாவது மொத்தம் சுமார் 429 கோடி எண்கள். அப்போது அது கடல் மாதிரி தெரிந்தது. யாருக்கு எந்த எண் என்ற பட்டியலை ஜான் போஸ்டல் என்ற ஆய்வாளர் பராமரித்தார். கேட்டவர்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். எம்ஐடி, ஆப்பிள், ஃபோர்டு போன்றவற்றுக்கு ஆளுக்கு 1.67 கோடி முகவரிகள்!

கடல் வற்றியது. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பின் கடைசி ஐந்து தொகுதிகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு, திவாலான நார்டெல் நிறுவனம் தன்னிடமிருந்த 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட்டுக்கு 75 லட்சம் டாலருக்கு விற்றது. ஒரு எண்ணுக்கு 11.25 டாலர். இலவசமாக வந்தது சொத்தாகிவிட்டது.

இனி கிளவுட் பக்கம் வருவோம். 2006ல் அமேசான் வாடகை சர்வர்களை அறிமுகப்படுத்தியபோது, சர்வர் மாறினால் முகவரியும் மாறிவிடும். 2008 மார்ச்சில் 'எலாஸ்டிக் ஐபி' வந்தது. முகவரி சர்வருக்குச் சொந்தமில்லை, நம் கணக்குக்குச் சொந்தம். ஒரு சர்வர் படுத்துவிட்டால் அதே முகவரியை அவிழ்த்து இன்னொன்றில் கட்டலாம். வெளியிலிருந்து வருபவருக்கு வித்தியாசமே தெரியாது.

வேடிக்கை கட்டணத்தில்தான். ஓடும் சர்வரில் கட்டிய முகவரி இலவசம். கட்டாமல் சும்மா வைத்திருந்தால் மணிக்கு ஒரு சென்ட். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பவரிடம் மட்டும் அபராதம் வாங்குவது போல! பதுக்கலைத் தடுக்க நியாயமான வழிதான்.

ஆனால் 2024 பிப்ரவரி 1 முதல் அமேசானில் கட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் மணிக்கு அரை சென்ட், மாதம் சுமார் 3.60 டாலர். துண்டு போட்டவருக்கு மட்டுமல்ல, உட்கார்ந்திருப்பவருக்கும் டிக்கெட். அபராதமாகத் தொடங்கியது வாடகையாக முடிந்தது.

பெரிய கம்பெனிக்கு இது சில்லறை. சொந்தமாக ஒரு சின்னத் தளம் நடத்த நினைக்கும் மாணவனுக்கு? சில சமயம் சர்வர் வாடகைக்குச் சமமாகவே வந்துவிடும். 128 பிட் ஐபிவி6 முகவரிக்கு அமேசானில் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் ஐபிவி4 மட்டுமே உள்ள இணைப்பிலிருந்து அதை நேரடியாக எட்ட முடியாது. எல்லோரும் மாறும்வரை, அன்று கணக்குப் பார்க்காமல் அள்ளிக் கொடுத்ததற்கு நாம்தான் மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்போம்.

நண்பர்களே, ப்ராஜெக்ட் முடிந்ததும் சர்வரை மட்டுமல்ல, முகவரியையும் மறக்காமல் விடுவியுங்கள்!