ரேடியோவின் ஸ்ருதி

நம் சங்கீத சரித்திரங்கள் வித்வான்களின் சரித்திரங்கள். வாத்தியம் செய்தவன் பெயர் அவற்றில் ஏறுவதே அபூர்வம். யந்திரம் தானாக எழுப்பிய நாதத்திற்கு அங்கே இடம் தேடுவது வீண்.

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16இல் தொடங்கியது. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகள் 1995 வரை திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தவை. இந்த மானாவாரிச் சீமைக்குக் கச்சேரியைக் கொண்டுவந்ததில் வால்வு ரேடியோவுக்கு முக்கிய பங்கு உண்டு. திருச்சி ஒலிபரப்பாத சங்கீதமும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

ஒன்று, உறுமல். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அதை நேர்மின்சாரமாக்கும் வால்வு, அலையின் இரு பாதிகளையும் எடுத்துக்கொள்வதால் 100 அதிர்வாக ஒலிபெருக்கியில் கசியும். கண்டென்சர் பழசாகப் பழசாக உரக்கக் கேட்கும். அதன் மேல்ஸ்தாயி 200. பெண்குரலுக்கு வழக்கமான ஐந்து கட்டை ஷட்ஜம் சுமார் 196. ஆக, கேட்பாரில்லாத ஒரு தம்பூரா, ஐந்து கட்டைக்குச் சற்று மேலே, பாட்டு எந்தக் கட்டையில் இருந்தாலும் விடாமல் மீட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஸ்ருதி நிலையாக நின்றதுமில்லை. உற்பத்தியை மீறிச் சுமை ஏறினால் ஜெனரேட்டர்கள் தளரும், சுழற்சி குறையும். 1980களிலும் 1990களிலும் தென்னகத் தொகுப்பில் அது 50க்குக் கீழே கிடப்பது சகஜம். 48க்கு இறங்கினால் 200 என்பது 192 ஆகிவிடும்: அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவான இறக்கம். ஒரு கிணற்று மோட்டாரால் ஆகிற காரியமல்ல இது. நான்கு மாநிலங்களின் ஆலைகளும் பம்ப்செட்டுகளும் சேர்ந்து இழுத்த இழுப்பு, வால்வு ரேடியோ மிஞ்சியிருந்த வீட்டுக் கூடத்தில் ஸ்வரமாக இறங்கியது.

மற்றது, விசில். ஆர்ம்ஸ்ட்ராங் 1918இல் கண்ட சூப்பர்ஹெட் முறைப்படி ரேடியோவுக்குள் ஓர் அலையாக்கி உண்டு. அது பிடிக்கும் நிலையத்தைவிட 455 கிலோசைக்கிள் மேலே இயங்குவது பொதுவான அமைப்பு. திருச்சியின் 936ஐ வைத்தால் உள்ளே 1391 பிறக்கிறது. வாங்கும் பெட்டி கொஞ்சம் அனுப்பவும் செய்கிறது. பக்கத்தில் இன்னொரு ரேடியோவில் 1391ஐ ஒட்டிய ஒரு நிலையத்தை வைத்தால், இரு அலைகளின் வித்தியாசம் விசிலாகக் கேட்கும். முதல் பெட்டியின் குமிழைத் திருப்பத் திருப்ப ஸ்வரம் வழுக்கும். மெட்டுக்கள் தடுக்காத வீணைபோல. 1920இல் ருஷ்யாவில் தெரமின் தம் பெயரிலான வாத்தியத்தை உருவாக்கியது இதே வித்தியாசத்தை வைத்துத்தான். அங்கே அது மேடை ஏறியது. இங்கே ரிப்பேர் கடைக்குப் போயிற்று.

2013 டிசம்பர் 31இல் தென்னகத் தொகுப்பு நாட்டின் தொகுப்போடு இணைந்தது. சுழற்சி இப்போது 50ஐ விட்டு அதிகம் அசைவதில்லை. பாட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டருக்கு அந்த உறுமலும் கிடையாது. வறட்சியும் பாசனமும் மின்பற்றாக்குறையும் காதுக்கு எட்டிய ஒரு நாதம் முடிந்துபோயிற்று. கேட்டவர்கள் அதைக் கோளாறு என்றார்கள். கச்சேரியில் தம்பூராவையும் நாம் நின்றால்தான் கவனிக்கிறோம்.