ஐந்தே முக்கால் ரூபாயில் ஒரு பள்ளிக்கூடம்

திருப்பூர் என்றாலே பனியன் கம்பெனிதான் நினைவுக்கு வரும். கொஞ்சம் வரலாறு படித்தவர்கள் கொடிகாத்த குமரனைச் சொல்வார்கள். ஆனால் 1903-ல் இதே ஊரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியாரை எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பெயரின் முன்னால் உள்ள 'தி' திருப்பூர்தான்!

வசதியான குடும்பம், சட்டப் படிப்பு. வக்கீலாகவே இருந்திருந்தால் நன்றாகச் சம்பாதித்திருக்கலாம். அவரோ காங்கிரசில் சேர்ந்து பலமுறை சிறைக்குப் போனார். 1930-ல் கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயம் என்ற விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். கையிருப்பு ஐந்தே முக்கால் ரூபாய். சேர்த்துக்கொண்ட மாணவன், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு சிறுவன்.

பணம் குறைவு என்பது பெரிய விஷயமில்லை. அந்தச் சிறுவன்தான் பெரிய விஷயம். ஏன் என்று புரிய சில ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நடத்தினார். காங்கிரஸ் அதற்கு 5,000 ரூபாய் கொடுத்திருந்தது. அங்கே இரண்டு பிராமண மாணவர்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகனும் அங்கே படித்தவர். விஷயம் வெளியே வந்ததும் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கடுமையாக எதிர்த்தார்கள். பஞ்சாயத்து காந்திஜி வரை போனது. 1925-ல் ஐயர் பாபநாசம் அருவியில் இறந்துபோனார். அதே ஆண்டு பெரியார் காங்கிரசை விட்டு விலகினார் (வகுப்புவாரி உரிமைத் தீர்மானமே உடனடிக் காரணம், ஆனால் குருகுலத்தின் கசப்பும் அதில் உண்டு). பிராமணச் சிறுவர்களும் மற்றவர்களும் ஒரே பந்தியில் உட்காரவே இத்தனை ரகளை என்றால், தாழ்த்தப்பட்ட சிறுவனோடு விடுதிப் பள்ளி தொடங்குவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

1934-ல் பெரியநாயக்கன்பாளையத்தில் வித்யாலயத்தின் சொந்த இடத்துக்கு காந்திஜி அடிக்கல் நாட்டினார். கவிஞர் பெரியசாமித் தூரன் இங்கே பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார்.

1946-ல் அவினாசிலிங்கம் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானார். தமிழ் வளர்ச்சிக் கழகம் அந்த ஆண்டில்தான் உருவானது. அது வெளியிட்ட பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்துக்கு முதன்மைப் பதிப்பாசிரியர் அதே தூரன். ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர் தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தை உருவாக்கினார்!

1947-ல் மாகாணத்தின் பிரதமரானவர் யார் தெரியுமா? சேரன்மாதேவியில் மகனைப் படிக்க வைத்த அதே ஓமந்தூரார். அவருடைய மந்திரிசபையிலும் கல்வித்துறை அவினாசிலிங்கத்திடமே இருந்தது.